கியாக்தான்காரரும் எங்கள் வில்லிஸ் ஜீப்பும்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். கட்டம் போட்ட லோன்ஜி, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வயலில் வேலை செய்கிறவரின் கால்கள். என்ன வேண்டும் என்று பர்மியத்தில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கும் எங்கள் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"இந்த வண்டியிலதான் எம் மக செத்துச்சாம்மா?"

கையில் இருந்த கயிற்றுச் சுருளை நான் கீழே போட்டுவிட்டேன்.

"உங்க மகளா?"

"ஆமா. வள்ளி. கார்மெண்ட்ஸ்ல வேலை பார்த்துச்சு. பள்ளிக்கூடத்துல பர்மாப் பேரு வா வா."

"நீங்க தமிழா?"

"கியாக்தான் பக்கம் வெள்ளாமை. எங்க பாட்டன் காலத்துலயே வந்தது. எம் பேரு முருகையா."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பர்மாக்காரி என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பர்மாப் பெண்கள் மாதிரி கன்னத்தில் தனகா மரச் சாந்து பூசியிருந்தாள், பேசியதெல்லாம் பர்மியம். அவளுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. அவராகவே சொன்னார்.

"தமிழ் பேசாது. பேச வெக்கம். ஆனா நாங்க பேசுறது ஒண்ணு விடாம வெளங்கும்."

உட்காருங்கள் என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உள்ளே போய்த் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்பதைப் புரியவைக்க, ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு நான் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

2

கல்யாணமாகித் தொண்டியிலிருந்து நான் ரங்கூன் வந்து இருபத்தாறு வருஷம். யாங்கூன் என்று சொல்ல வேண்டும், என் வாய்க்கு இன்னும் வரவில்லை. க்யிம்யிண்டைங்கில் ஆற்றோரம், படகுத்துறைக்குப் போகும் தெருவில் எங்கள் கடை. கயிறு, தார்ப்பாய், நங்கூரச் சங்கிலி, படகுக்கு வேண்டிய ஆணி, தார். மேலே வீடு. என் வீட்டுக்காரர் காதர் இங்கேயே பிறந்தவர்.

நான் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு இந்த ஜீப்பில்தான் அவர் வந்தார். கதவு கிடையாது. கூரை கிடையாது. கல்யாணப் புடவையின் மேல் முழுக்கத் தூசி. இது என்ன வண்டி என்று கேட்டேன். "வில்லிஸ். அமெரிக்கா வண்டி" என்றார், மாப்பிள்ளையின் குலப் பெருமையைச் சொல்கிற மாதிரி.

வில்லிஸ் ஒரு அமெரிக்கக் கம்பெனி. இரண்டாம் உலகப் போரில் தங்கள் ராணுவத்துக்காக அவர்கள் செய்துகொடுத்த சின்ன வண்டி இது. ராணுவம் கேட்ட எண்ணிக்கைக்கு அவர்களால் மட்டும் செய்து முடியாமல், இன்னொரு பெரிய அமெரிக்கக் கம்பெனியும் அதே வரைபடத்தை வைத்துச் செய்ததாம். அந்தக் கம்பெனி தன் போல்ட்டுகளின் தலையில் தன் எழுத்தைப் பொறித்துவிடும். எங்கள் வண்டியில் எழுத்து உள்ள போல்ட்டும் இருக்கிறது, மொட்டைப் போல்ட்டும் இருக்கிறது. போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் வண்டிகளைப் பர்மாவிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சக்கரம் கழன்றது, குண்டு பட்டது, ஆற்றில் விழுந்தது என்று குவியல் குவியலாகக் கிடந்ததில், என் மாமனார் மூன்று வண்டியை வாங்கிப் பிரித்து ஒரு வண்டியாக்கினார். பின்பக்கத் தகட்டில் மூன்று குண்டு ஓட்டைகளைப் பற்றவைத்து அடைத்த தழும்பு இருக்கும். போரில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட காலம் வந்தது. நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். மாமனார் போகவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் என்ற ஊரில், தெரிந்தவர் ஒருவரின் வைக்கோல் போருக்குள் ஜீப்பை ஒளித்துவைத்தார். வண்டி எங்கே என்று கேட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். முன்பல் இரண்டும் போயின. சொல்லவில்லை. பொக்கை வாயோடு அவர் ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் போட்டோ எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் என் வீட்டுக்காரர். அந்த வண்டியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அவர் என்னை அடித்தது வாழ்க்கையில் ஒரே தடவை. கல்யாணமான வருஷம், கொட்டகையில் நின்ற வண்டியில் ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து கியரை அசைத்துப் பார்த்தேன். பின்னால் வந்து நின்றவர் கன்னத்தில் அறைந்தார். "எறங்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

எனக்கு ஓட்டத் தெரியும். தொண்டியில் எங்கள் வாப்பாவுக்கு மீன் லோடுக்கு ஐஸ் கொண்டுபோகிற வேன் இருந்தது. என் அண்ணன் ரஃபீக் காக்கா கடற்கரை ரோட்டில் எனக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தான். வாப்பாவுக்குத் தெரிந்த அன்று பெல்ட்டைக் கழற்றினார். என்னைத் தொடவில்லை. காக்காவை முதுகுத் தோல் பிய்கிறவரை அடித்தார். என் கண் முன்னால்தான் அடிக்க வேண்டும் என்று என்னை நிற்கவைத்தார். அதற்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டது ரங்கூனில் அறை வாங்கிய அன்றுதான்.

3

சில வருஷங்களுக்கு முன், ராணுவம் ஆட்சியைப் பிடித்த அடுத்த மாதம், மார்ச்சில் ரங்கூன் தெருக்களில் நடந்தது உங்களுக்கும் தொலைக்காட்சியில் தெரிந்திருக்கும். நான் எங்கள் தெருவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சனங்கள் மணல் மூட்டையும் செங்கல்லும் அடுக்கித் தெருவை மறித்திருந்தார்கள். எங்கள் மகள் நஸ்ரினுக்கு அப்போது இருபது வயது. அவள் கூட்டாளிகள் எல்லாம் தெருவில்தான் இருந்தார்கள். அன்று காலை அவளை மேல்வீட்டில் வைத்து வெளியே பூட்டினேன். அவள் கதவை உதைத்தாள். பர்மியத்தில் என்னை என்னென்னவோ திட்டினாள். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

படகுத்துறையில் எங்கள் சரக்கு இறங்கிக் கிடந்தது. சண்டை அந்தப் பக்கம் வருவதற்குள் எடுத்துவர வேண்டும். கடையில் வேலைக்கு ஆள் யாரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் ஜீப்பில் என்னை அழைத்துக்கொண்டு போனார். தார்ப்பாய் உருளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மணி பத்து இருக்கும். மார்க்கெட் முனையில் வெடிச்சத்தம். பட்டாசு மாதிரி இல்லை. காய்ந்த மரத்தை ஒடிக்கிற மாதிரி இருந்தது. கூட்டம் எங்களைப் பார்த்து ஓடிவந்தது. செருப்புகள் தெருவெல்லாம் கிடந்தன.

அந்த நேரத்தில் யாரோ "வா வா, வா வா" என்று கத்துவது கேட்டது. தொண்டை கிழிகிற கத்தல்.

"யாரோ தமிழாளு நம்மளக் கூப்பிடுறாங்க" என்றேன்.

அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. அது ஒரு பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. பிரேக் போட்டார். நாலைந்து பேர் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கேட்காமல் கொள்ளாமல் தார்ப்பாய் உருளைகள் மேல் கிடத்தினார்கள். பிளவுஸ் முழுக்க ரத்தம். வயிற்றுக்கும் இடுப்புக்கும் நடுவில் எங்கேயோ பட்டிருந்தது. தூக்கிவந்தவர்கள் "ஸேயோன், ஸேயோன்" என்றார்கள். ஆஸ்பத்திரி. அவர்கள் மறுபடியும் ஓட வேண்டியிருந்தது.

அவர் கியர் போட்டு வண்டியைத் திருப்பினார். இருபது அடி போயிருப்போம். பக்கத்துச் சந்திலிருந்து சிப்பாய்கள் வந்தார்கள். முதலில் வந்தவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் காதோடு சேர்த்து அடித்தான். கதவில்லாத வண்டி. சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார்கள். அவர் கால் கிளட்ச்சிலிருந்து நழுவி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

நாலு பேர் அவரை அடித்தார்கள். இரண்டு பேர் பூட்ஸால், இரண்டு பேர் கட்டையால். தலையை மறைக்க அவர் கையைத் தூக்கினார். ஒருவன் அந்தக் கையைப் பிடித்துத் தரையில் விரித்துவைத்து, விரல்கள் மேல் குதிகாலால் ஏறி நின்றான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அலறவில்லை. இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். மற்ற சிப்பாய்கள் ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. முக்காடு போட்ட ஒரு பொம்பளை, அவளால் என்ன ஆகும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் நகர்ந்து ஓட்டுகிற சீட்டுக்குப் போனேன். அந்த ஜீப்பில் பெட்ரோல் டாங்க் ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சுடுகிற தெருவில் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சாவியைத் தேடினேன். சாவி இல்லை. எங்கள் ஐஸ் வேன் சாவியைத் திருகினால் கிளம்பும். இந்த வண்டிக்குச் சாவியே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. ஒரு சின்னக் குமிழ் இருந்தது, திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. கைக்கு வந்ததை எல்லாம் இழுத்தேன், அமுக்கினேன். பின்னால் அந்தப் பெண் என் முக்காட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். இந்தப் பக்கம் அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் காலுக்குக் கிடைத்ததை எல்லாம் மிதித்தேன். ஆக்ஸிலேட்டருக்குப் பக்கத்தில் தரையில் இரும்புப் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் ஸ்டார்ட்டர். எஞ்சின் உறுமியது.

அதைக் கண்டுபிடிக்க எத்தனை நிமிஷம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் கியரில் மணல் மூட்டைகள் மேலேயே ஏற்றினேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. பம்பர் எதிலோ மோதியது. செங்கல்லா, ஆளா, இன்றுவரை தெரியாது. பின்னால் சுட்டார்கள். மாற்றுச் சக்கரத்தில் ஒரு குண்டு புகுந்தது.

என் புருஷனை அந்தத் தெருவில் விட்டுவிட்டு வந்தேன்.

ஆற்றோரச் சாலையில் போகும்போது என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. தமிழில்தான். பயத்தில் எனக்கு வேறு மொழி வராது. முதலில் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். பிறகு அவர் பெயரைச் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். "நீ சாகப் போறவதானே. சீக்கிரம் செத்துத் தொலை. நான் திரும்பிப் போய் அவரைப் பார்க்கணும்." ஒரு தடவை சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை சொன்னேன். உரக்கச் சொன்னேன். என் பேச்சு புரிகிற ஆள் அந்த வண்டியில் இல்லை என்ற தைரியம்.

முக்காட்டைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் பேசினாள். பர்மியத்தில், மெல்ல, "ப்யன்பா, ஆன்ட்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ப்யன்பா." ப்யன் என்றால் திரும்புவது. வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கிறாள், பாவம், என்று நினைத்தேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை.

தர்மத்துக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு சின்ன இடத்தின் வாசலில் நிறுத்தினேன். இளம் டாக்டர் வண்டியிலேயே கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவளை அங்கே இறக்கிக் கிடத்திவிட்டு நான் திரும்ப ஓட்டினேன். மார்க்கெட் முனையை அடைத்திருந்தார்கள். தெருவில் யாரும் இல்லை. அவரும் இல்லை.

4

பதினோராம் நாள் பகலில் அவர் நடந்து வந்தார். வாசலில் நின்றவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் கோணலாக ஒட்டியிருந்தன. இடது காது கேட்காமல் போய்விட்டது. காவலில் என்ன செய்தார்கள் என்று அவர் சொன்னதில்லை. வண்டியை எப்படி ஓட்டிப் போனாய் என்று அவர் கேட்டதும் இல்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். திரும்பி மாடிக்குப் போய்விட்டார். விட்டுவிட்டு வந்ததற்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்காமலே இருந்தேன்.

நஸ்ரின் அந்த வருஷமே பாங்காக் போனாள். பூட்டிவைத்ததை அவள் மன்னிக்கவில்லை. அவள் கூட்டாளி ஒருத்தி அன்று தெருவில் குண்டு பட்டுச் செத்துப்போனாள். வாரம் ஒரு தடவை போனில் முகம் காட்டுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தமிழ் ஒரு சொல் விடாமல் புரியும், வாயில் வராது. இப்படி ஒரு மகளைப் பெற்று வளர்த்த எனக்கு, பின்னால் கிடந்தவளும் அப்படி ஒருத்தியாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

வண்டி மூடியே கிடந்திருக்கும். பதிவைப் புதுப்பிக்காவிட்டால் பறிமுதல் என்று பேச்சு வந்தது. போன மாதம் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வாகனப் பதிவு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க வரிசை. சேசிஸ் எண் ஒரு வண்டியுடையது, எஞ்சின் எண் இன்னொன்றுடையது, பாடி மூன்றாவது. எது நிஜமான வண்டி என்று கேட்டார்கள். தயாரித்த வருஷத்தைப் போட்டால் கணினி ஏற்கவில்லை. போர்க் காலத்து வண்டி என்று நான் சொன்னேன். "எந்தப் போர்?" என்று அந்த அலுவலர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டார். சொந்தக்காரர் ஏன் வரவில்லை என்றார். கை சரியில்லை என்றேன். அப்படியென்றால் உன் பெயருக்கு மாற்று என்றார். என் அட்டையைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக வருஷா வருஷம் நான் புதுப்பிக்கிற வெளிநாட்டவர் அட்டை. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வரிசையில் நான் நின்றபோதுதான் முருகையா வண்டியைப் பார்த்திருக்கிறார். வேறு யாருக்கோ துணையாக வந்தவர். பழைய ஜீப், முக்காடு போட்ட பொம்பளை என்று மட்டும்தான் மகளின் கூட்டாளிகள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். உடம்பைப் பெற்றவர்களிடம் கொடுக்கவில்லை. யாரோ எடுத்துப்போய் எரித்துவிட்டார்கள், சாம்பல்கூடக் கிடைக்கவில்லை. அவருக்கு மிச்சம் இருந்தது இந்த வண்டியின் அடையாளம்தான். அன்று பேசத் துணியாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, தெருத் தெருவாக விசாரித்து வந்து சேர்ந்திருக்கிறார்.

5

தண்ணீரைக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரும் மாடியிலிருந்து இறங்கிவந்து, கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார்.

"எங்க படுத்திருந்துச்சு?"

காட்டினேன். அந்த இடத்தில் தகட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"வலில ரொம்பக் கத்துச்சா?"

"இல்லைங்க. முனகுச்சு. அவ்வளவுதான்."

"நீங்க அதுகிட்டப் பேசினீங்களா?"

நான் தகட்டின் தூசியை முந்தானையால் துடைத்தேன்.

"தமிழ்ல பேசியிருந்தா அதுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்னுதான் கேக்குறேன். வீட்டுல பேசுற பேச்சில்லையா. நீங்க தமிழுன்னு தெரிஞ்சதும் எனக்கு அதுதான் தோணுச்சு. கடைசில நம்ம பேச்சக் கேட்டுக்கிட்டே போயிருக்கும்னு."

ஆமாம், ஆறுதலாகப் பேசினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் கேட்க வந்திருந்தார். வாய்வரை வந்தது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஸ்டார்ட்டர் தெரியாமல் நின்றதையும் சொன்னேன். செத்துத் தொலை என்று சொன்னதையும், எத்தனை தடவை சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவர் தகட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அதுக்கு அது என்ன சொல்லுச்சு?"

"ப்யன்பா, ஆன்ட்டின்னுச்சு. வீட்டுக்குப் போகணும்னு கேக்குறான்னு நெனச்சேன்."

"இல்ல." அவர் தலையை ஆட்டினார். "வீட்டுக்குப் போகணும்னா ப்யன்மெ அப்படின்னு சொல்லும். நான் போறேன்னு அர்த்தம். ப்யன்பான்னா அடுத்தவங்களப் போகச் சொல்றது. உங்களத் திரும்பிப் போங்கன்னு சொல்லியிருக்கு."

இருபத்தாறு வருஷம் இந்தப் பாஷையில் கயிறு விற்றிருக்கிறேன். அந்த ஒரு எழுத்து வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

டம்ளரை அவர் கீழே வைத்தார். கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த வீல் ஸ்பானரை எடுத்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று நின்றேன். அவர் ஜீப்பை அடித்தார். முன்கண்ணாடி முதல் அடியிலேயே போனது. பிறகு விளக்கு, பிறகு பானெட். ஒவ்வொரு அடிக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது. கண்ணாடிச் சில்லு தெறித்து அவர் நெற்றியில் கீறி ரத்தம் வழிந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். நான் தடுக்கப் போனபோது என் வீட்டுக்காரர் கோணல் விரல்களால் என் தோளைப் பிடித்தார்.

"விடு. அடிக்கட்டும்."

அந்த வண்டியின் கியரைத் தொட்டதற்கு என்னை அறைந்தவர் அவர்.

கை ஓய்ந்ததும் முருகையா தரையில் உட்கார்ந்து அழுதார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்த நாளைப் பற்றிப் பேசினார்.

"நான் தரையில கெடந்தப்ப ஒண்ணுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இவ ஏன் இன்னும் வண்டிய எடுக்கலன்னு."

"ஸ்டார்ட்டர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க என்ன ஒரு நாளும் ஏற விடலையே."

அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஆமா" என்றார். "விடல." முருகையாவைக் காட்டி, "இவரக் கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார்.

6

கண்ணாடியில்லாத ஜீப்பில் கியாக்தான் போனோம். தன்லியின் பாலத்தில் சோதனைச் சாவடி. வண்டிப் புத்தகத்தைப் பார்த்தார்கள், என் அட்டையைப் பார்த்தார்கள், உடைந்த விளக்கைப் பார்த்தார்கள். முருகையாவின் நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. விபத்தா என்று கேட்டான் ஒருவன். ஆமாம் என்றார் அவர். விட்டுவிட்டார்கள்.

பாலம் தாண்டியபிறகு அவர் பேசினார். "அதோட அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க. அவளுக்கு நெஞ்சு சரியில்ல."

"என்ன சொல்லட்டும்?"

"ஏதாவது நல்லதாச் சொல்லுங்க."

வீடு, வயலுக்கு நடுவில் மூங்கில் வீடு. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து சின்ன இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. இவர் யார், எந்த வண்டி என்று முருகையா சொன்னதும் கையைத் துணியில் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் பேச்சு அவருக்குப் புரியுமோ என்ற சந்தேகத்தில் நான் கொஞ்சம் பர்மியம், கொஞ்சம் தமிழ் என்று ஆரம்பித்தேன்.

"தமிழ்லயே சொல்லுங்க" என்றார். "கடைசியா ஏதாச்சும் பேசுச்சா எம் புள்ள?"

முருகையா வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார்.

"பேசுச்சும்மா."

"என்னன்னு?"

"ப்யன்மென்னுச்சு" என்றேன். இந்தத் தடவை எழுத்தைச் சரியாகச் சொன்னேன். "ப்யன்மெ, ஆன்ட்டின்னுச்சு. வீட்டுக்குப் போறேன்னு."

அந்த அம்மா அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. மணிக்கட்டை விடவில்லை.

"எத்தன தடவ சொல்லுச்சு?"

"வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்துச்சும்மா."

முருகையா வாசலிலிருந்து இறங்கி வயல் பக்கம் நடந்து போனார். அந்த அம்மா என் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்.